ஓரத்தில் நிற்கிறவன்

மார்ச் 8, ஞாயிறு

நேற்று பருவத்தின் முதல் ஆட்டம். வென்றோம். எங்கள் விங்கர் நதீம் இரண்டு டிரை போட்டான். இரண்டாவதில் அவன் உடம்பு முழுவதும் மைதானத்துக்கு வெளியே காற்றில் கிடந்தது. பந்து பிடித்த கை மட்டும் உள்ளே வந்து, மூலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் புல்லில் பந்தை அழுத்தியது. அடுத்த நொடி மூன்று பேர் அவனைத் தள்ளிக்கொண்டு விளம்பரப் பலகையில் மோதினார்கள். எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். பல்லில் புல்.

தமிழில் எழுதி வருடக்கணக்காகிவிட்டது. கை மறந்துவிடக் கூடாது என்றுதான் இந்த வருடம் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆகவே எல்லாவற்றையும் முறையாகச் சொல்ல வேண்டும்.

ரக்பி லீக்கில் விங்கர் என்பவன் ஓரத்தில் நிற்கிறவன். நடுவில் பெரிய உடம்புகள் முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது அவன் கோட்டருகே காத்திருப்பான். பந்து கைக்கு வந்தால் ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் அழுத்த வேண்டும்; அதுதான் டிரை, நான்கு புள்ளி. எதிரணி பந்தை வானத்துக்கு உதைத்தால், தன்மேல் யார் யார் வந்து விழப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே அண்ணாந்து பார்த்துத் தாவிப் பிடிக்க வேண்டும். நான் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறவன். நீலச் சட்டை, இடுப்பில் காயங்களுக்குச் சுற்றும் டேப் வைத்த பை, கையில் தண்ணீர்ப் போத்தல், காதில் பயிற்றுநரோடு பேசுவதற்கான மைக். யாராவது விழுந்தால் முதலில் ஓடுவது நான். யோகரூபன் என்ற பெயரைக் கிளப்பில் ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. எல்லோருக்கும் நான் ரூப்.

இன்று காலை முழுவதும் போத்தல் கழுவினேன். காரில் தைல மணம் போகவில்லை என்று என் மனைவி துஷ்யந்தி கண்ணாடிகளை இறக்கிவிட்டே முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனாள்.

மார்ச் 14, சனி

ஆட்டம் இல்லாத வாரம். நதீம் வந்து வீட்டு வேலியைச் சரி செய்து தந்தான். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன்.

அவனை எனக்குப் பதினைந்து வயதிலிருந்து தெரியும். வன்னியிலிருந்து சிட்னிக்கு வந்து கிரான்வில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் மாதம், ரயிலில் நான்கு பேர் என் பையைப் பிடுங்கி ஆளுக்காள் எறிந்து விளையாடினார்கள். எனக்கு அப்போது ஆங்கிலத்தில் கெஞ்சக்கூடத் தெரியாது. எதிர் இருக்கையிலிருந்து ஒரு லெபனான் பையன் எழுந்தான். அடிக்கவில்லை. பையை வாங்கி என் மடியில் வைத்துவிட்டு, "இவன் என்ர ஆள்" என்றான். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் அவனுடைய ஆள்.

அவன் பேசுவது ஆங்கிலம், நடுநடுவே அரபு. எனக்குள் அது எப்போதும் என் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன்.

கிளப்பில் எனக்கு இந்த வேலை கிடைத்ததும் அவன் வாயால்தான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சொந்த மைதானம். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. நதீமுக்கு ஒரு சின்ன அடி. உயரப் பந்தைப் பிடிக்கத் தாவியபோது யாரோ ஒருவருடைய முழங்கால் பட்டது. ஓடிப்போனேன். கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். ஆட்டம் தொடர்ந்தது.

சட்டைகள் வைக்கும் பெரிய பையின் ஜிப் பிய்ந்துவிட்டது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 14, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை எழுதியதில் ஒரு சிறு திருத்தம்.

தலையில் அடிபட்டவனிடம் நாங்கள் கேட்பவை எளிமையான கேள்விகள். இது எந்த மைதானம்? எத்தனையாவது பாதி? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? ஒன்றுக்குத் தடுமாறினாலும் வெளியே அனுப்ப வேண்டும். கிளப்பின் டாக்டர் வோஸ் உள்ளே வைத்து நிதானமாகச் சோதிப்பார். தவறினால் அடுத்த ஆட்டமும் போய்விடும். மேலே ஓர் அறையிலும் ஒரு டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் நதீமின் முகத்துக்கு எதிரே முழங்காலிட்டேன். என் முதுகுப் பக்கம் கேமரா இருந்தது, அது தற்செயல். அவன் கண் என்னைக் கடந்து எங்கோ நின்றது. "ரெண்டாம் பாதி எண்டு தெரியும்தானே?" என்று கேட்டேன். "தெரியும்" என்றான். "நாங்கள் ரெண்டு புள்ளி முன்னுக்கு நிக்கிறம், என்ன?" என்றேன். "ஓம்" என்றான். முகத்தில் தண்ணீர் ஊற்றினேன். எழுந்து ஓடினான்.

அதுவும் பதில்தான். அவன் பொய் சொல்லவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

நதீமின் அம்மா சல்வா அன்ரி சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். துஷ்யந்தியும் நானும் போனோம். அப்பா இறந்த பிறகு நதீம் அந்த வீட்டிலேயே அம்மாவுடன் இருக்கிறான். வரவேற்பறையில் அப்பாவின் படம்: கட்டடங்களுக்குக் கொங்கிரீட் போட்ட கை, மடியில் அடங்காமல் கிடக்கிறது. எழுபதுகளில் சண்டை தொடங்கியபோது வடலெபனானிலிருந்து வந்தவர். நதீம் விளையாடிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரே இடத்தில் நின்று பார்த்தவர். அவன் லெபனான் அணியின் சட்டையை, நெஞ்சில் கேதுரு மரம் போட்ட சட்டையை, போட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனவர். ஒருமுறை தெரிவாகியும் தொடைத் தசை கிழிந்து நதீமால் போக முடியவில்லை.

இந்த வருடக் கடைசியில் லெபனான் அணிக்குச் சர்வதேசப் போட்டிகள் இருக்கின்றன. கிளப்புடனான ஒப்பந்தமும் வருடக் கடைசியில் முடிகிறது. நதீமுக்கு முப்பது வயது. விங்கருக்கு முப்பது என்றால் எல்லோரும் காலைத்தான் பார்ப்பார்கள்.

"ரூப், உண்மையைச் சொல்லு. நான் மெதுவாகிட்டனா?"

"இல்லையடா. போன வருசத்தைவிட வேகம்."

அது உண்மை. கால்களில் ஒரு குறையும் இல்லை.

சாப்பாட்டின்போது, அப்பா ஒரு நடுவரைத் துரத்திக்கொண்டு வாகனத் தரிப்பிடம் வரை ஓடிய கதையை நதீம் சொன்னான். எல்லோரும் சிரித்தோம். இனிப்பு வந்தபோது அதையே மறுபடி, அதே சொற்களில், அதே இடத்தில் கைதட்டிச் சொன்னான். அன்ரி எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் துஷ்யந்தி கேட்டாள்: "என்னப்பா, அவர் இதை முதலே சொன்னவரெல்லே?"

"அவன் எப்பவும் அப்பிடித்தான். கதை சொல்லுறதில பைத்தியம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாள் முழுக்க ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்பவர்களோடு வேலை செய்கிறவள்.

மே 9, சனி

மழை. வெற்றி. நதீம் ஒரு டிரை. டேப் தீர்ந்துவிட்டது, நாளை சொல்லி எடுக்க வேண்டும்.

மே 20, புதன்

பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு நதீம் தரிப்பிடத்தின் நடுவில் சாவியுடன் நின்றான். "ஆரோ என்ர காரை மாத்தி விட்டிட்டாங்கள்" என்றான். கார் அவனுக்கு முன்னால்தான் நின்றது. இரண்டு பேரும் சிரித்தோம். நான் சற்று அதிகமாகவே சிரித்திருப்பேன்.

இப்போதெல்லாம் உள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போடுகிறான். விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். இங்கே குளிர் தொடங்கும் இந்த மாதத்தில் பலருக்கும் அப்படித்தான்.

ஜூன் 10, புதன்

இன்று பயிற்சியில் எதுவும் நடக்கவில்லை.

ஜூன் 11, வியாழன்

நடந்தது.

நேற்று, தடுத்துப் பிடிக்கும் பயிற்சியில் ஒரு பையனின் இடுப்பு நதீமின் நெற்றிப்பொட்டில் பட்டது. மெல்லிய சத்தம்தான். பயிற்றுநர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வரும் நாளில்லை. நதீம் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல் நடந்து, சாமான் கொட்டகைக்குப் பின்னால் போனான். நான் போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"நீ பார்க்கேல்லை" என்றான், திரும்பாமலே.

"நதீம், டாக்டருக்கு ஒருக்காச் சொல்லுவம். ஒரு கிழமைதானே போகும்."

"ஒரு கிழமையா? ஏற்கெனவே இளம் பையன் ஒருத்தனை என்ர இடத்துக்குப் பார்த்து வைச்சிருக்கிறாங்கள். ஒருக்கா வெளியில போனா, தலை பிரச்சினை எண்டு பேர் வந்திடும். அதுக்குப் பிறகு ஆர் ஒப்பந்தம் தருவான்? லெபனான்காரர் கூப்பிடுவாங்களா?"

"எனக்கு இது வேலையடா. நான் பார்த்ததைச் சொல்லாட்டி..."

அப்போது திரும்பினான். உதட்டில் வாந்தி. கண்ணில் நீர், வாந்தியால் வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

"நான் உன்னட்ட ஒண்டும் கேட்டதில்லை, ரூப். இந்தப் பதினைஞ்சு வருசத்தில ஒண்டும். கேட்டனா?"

இல்லை. கேட்டதில்லை.

மண் போட்டு மூடினேன். குழாயைத் திறந்து அவன் முகத்தைக் கழுவிவிட்டேன்.

ஜூன் 28, ஞாயிறு

ஆட்டம் முடிந்து சட்டைகளை எண்ணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது சல்வா அன்ரி வந்து நின்றார். அவர் ஆட்டம் பார்க்கவே வருவதில்லை. மகன் விழுவதைப் பார்க்க முடியாது என்று சமையலறையில் வானொலியைக்கூட மூடிவைக்கிறவர். இன்று பேருந்து பிடித்து வந்திருக்கிறார்.

"ரூபன்" என்றார். என் பெயரின் பிற்பாதியை அவர் மட்டும்தான் ஒழுங்காகச் சொல்வார். "நேற்றைக்குக் காலம அடுப்பில கோப்பிப் பாத்திரத்தை வைச்சிட்டுக் குளிக்கப் போயிட்டான். பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை. நான் கத்த, ஓடி வந்து, 'அம்மா, ஏன் அடுப்பை மூட்டினீங்கள்' எண்டு கேக்கிறான். பொய் சொல்லேல்லை. அவனுக்குத் தெரியேல்லை."

"ஆட்டத்துக்கு முதல் நாள் எல்லாருக்கும் யோசினைதானே அன்ரி."

"நான் டாக்டரிட்டப் போய்க் கேக்கேல்லை. அவன்ர பயிற்றுநரிட்டப் போகேல்லை. உன்னட்ட வந்திருக்கிறன். என்ர பிள்ளை விழேக்க முதல் ஓடிப் போறது நீ. கிட்ட நிண்டு கண்ணைப் பார்க்கிறது நீ. சொல்லு. அவன் நல்லா இருக்கிறானா?"

சுற்றிலும் சேறு பிடித்த சட்டைகளின் நாற்றம். அவர் கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"நல்லா இருக்கிறான், அன்ரி."

"ஆண்டவர் உன்னைக் காப்பாத்தட்டும்" என்றார். பையிலிருந்து ஒரு பெட்டி எடுத்துத் தந்தார். திராட்சை இலையில் சோறும் இறைச்சியும் வைத்துச் சுருட்டியது. எனக்குப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பெட்டி இன்னும் காரில் இருக்கிறது. துஷ்யந்தி கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 19, ஞாயிறு

எழுதி மூன்று வாரம். வேலை அதிகம். நேற்று வெளியூர் ஆட்டம், தோற்றோம். குறிப்பிட ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 1, சனி

லெபனான் அணியின் பெயர்ப் பட்டியலில் நதீம் ஹத்தாத். அதே வாரத்தில் கிளப்பும் இன்னொரு வருடம் தருவதாகச் சொல்லிவிட்டது. பருவம் முடிந்ததும் கையெழுத்து. கிரான்வில்லில் அவர்கள் தெருவே திரண்டுவிட்டது. மாமன்மார், மச்சான்மார், பக்கத்துக் கடைக்காரர். ஒருவர் தவில் அளவு மேளத்தைத் தோளில் மாட்டி அடிக்க, எல்லோரும் கைகோத்துத் தரையை மிதித்து ஆடினார்கள். நதீமைத் தோளில் தூக்கினார்கள். அவன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மேளச் சத்தம் தாங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிந்ததுபோல் இல்லை.

பின் முற்றத்தில் என்னைத் தனியே இழுத்துப்போய்க் கட்டிப்பிடித்து அழுதான். "அப்பா பார்த்திருந்தா, ரூப்" என்றான். "இது உன்னாலதான்" என்றான்.

துஷ்யந்தி கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "அது என்ன உங்களாலை?" என்றாள்.

"சும்மா சொல்லுறான். சந்தோசத்தில."

"உங்களுக்கு ஏதோ தெரியும். எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனா சொல்ல வேண்டிய ஆளிட்டச் சொல்லுங்கோ. நான் அங்க குளிப்பாட்டுறவையில ஒருத்தர் முந்திக் குத்துச்சண்டை செய்தவராம். அவருக்கு வயசு அம்பத்தொன்பது. சட்டை பொத்தான் போடத் தெரியாது."

அவள் குளிக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

நேற்று நடந்ததை முடிந்தவரை ஒழுங்காக எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தை வென்றால் இறுதிச் சுற்றுக்குள் நுழையலாம். கடைசி நிமிடங்கள். நான்கு புள்ளி முன்னிலை. எங்கள் கோட்டருகே ஒரு சிக்கல், பல பேர் ஒருவர்மேல் ஒருவர். பந்து அங்கிருந்து நழுவி மறுபக்கம் போக, மைதானமே அந்தப் பக்கம் திரும்பியது. நதீம் குவியலுக்கு அடியிலிருந்து எழுந்தான். தானே நடந்து தன் ஓரத்துக்குப் போய் நின்றான். யாரும் ஓடி வரத் தேவையில்லாத மாதிரி நடந்தான். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் நான் போனேன்.

போத்தலை வாங்கவில்லை. என்னை மிக மரியாதையாகப் பார்த்தான், தெரியாத ஒருவரிடம் வழி கேட்பதுபோல். அரபில் ஏதோ கேட்டான். 'பாபா' என்ற சொல் மட்டும் விளங்கியது. பிறகு ஆங்கிலத்தில்: "அப்பா கார் எடுக்கப் போயிட்டாரா? நான் வருமட்டும் நிக்கச் சொல்லுங்கோ."

பிறகு கண் மாறியது. என் மணிக்கட்டை இறுக்கினான். "ரூப். நான் ஓகே. போ."

மைக்கில் சொன்னேன். "விங்கரை வெளியில எடுங்கோ. தலை." காதில் இரைச்சல். பயிற்றுநரின் குரல்: "என்ன? இப்பவா? மாத்துறதுக்கு ஆளில்லை, பொறு." ஆட்டம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. எதிரணி பந்தை உதைத்தது. நேராக மேலே, எங்கள் மூலைக்கு. நதீமின் பந்து அது. அவன் அண்ணாந்தான். அவனை நோக்கி மூன்று பேர் ஓடி வந்தார்கள். கால் தாவத் தயாராவதைப் பார்த்தேன். அந்தக் கால்கள் ஒருநாளும் தவறியதில்லை.

நான் அவன் சட்டையைப் பிடித்தேன்.

பின்னாலிருந்து இரண்டு கையாலும். அவன் இழுத்தான், திட்டினான், முழங்கையால் என் வாயில் இடித்தான். விடவில்லை. பந்து எங்களுக்கு முன்னால் புல்லில் விழுந்து ஒருமுறை எழும்பியது. எதிரணிக்காரன் ஒருவன் அதை நடந்துவந்து எடுப்பதுபோல் எடுத்து மூலையில் வைத்தான். அந்த டிரையும் அதைத் தொடர்ந்த இரண்டு புள்ளி உதையுமாக ஆட்டம் போய்விட்டது. பிறகு வந்த சத்தத்தை எழுத வேண்டாம்.

நதீம் திரும்பி என் நெஞ்சில் இரண்டு கையாலும் தள்ளினான். "என்ன செய்தனீ? என்ன செய்தனீ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கேட்டுக்கொண்டே அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே டாக்டர் வோஸ் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். டிசம்பர், நவம்பர் என்று தொடங்கினான். ஒக்டோபரில் நின்றான். சுவரில் தொங்கிய தன் சட்டையின் இலக்கத்தைப் பார்த்தபடி நீண்ட நேரம் இருந்தான். அதில் உதவி இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

கிளப் அலுவலகம். பயிற்றுநர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் வோஸ் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "யோகரூபன், சனிக்கிழமை நடந்தது முதல் தடவையா?"

அவர் என் பெயரை முழுதாகச் சொன்னது இதுதான் முதல்முறை. எங்கேயாவது பார்த்துப் பழகியிருக்க வேண்டும்.

"இல்லை" என்றேன். ஏப்ரல் ஆட்டத்தையும் ஜூன் பயிற்சியையும் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லியிருந்தால் ஒரு வாரம்தான் இழந்திருப்பான்" என்றார்.

நீலச் சட்டைகளையும் டேப் பையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். துஷ்யந்தி விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தாள். தேநீர் போட்டுத் தந்தாள். உதட்டில் தையல் போட்ட இடம் எரிந்தது.

நதீமுக்கு நான்கு முறை தொலைபேசினேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 5, சனி

தொலைக்காட்சியில் நதீம். கோட் போட்டிருந்தான். மருத்துவ ஆலோசனைப்படி விளையாட்டிலிருந்து ஓய்வு பெறுவதாகத் தாளைப் பார்த்து வாசித்தான். ஒரு வரியை இரண்டுமுறை வாசித்தான். பயிற்றுநர்கள், சக ஆட்டக்காரர்கள், அம்மா, காலஞ்சென்ற அப்பா, எல்லோருக்கும் நன்றி. லெபனான் அணியைப் பற்றி ஒருவர் கேட்டதும் எழுந்து போய்விட்டான்.

என் பெயர் இல்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவுமில்லை. ஆனாலும் கடைசி வரை பார்த்தேன்.

முழங்கால் மாற்றியவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் ஓரிடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கள் தொடக்கம்.

ஒக்டோபர் 17, சனி

லெபனான் ஆடியது. நான் பார்க்கவில்லை. புல் வெட்டினேன். வென்றுவிட்டார்கள் என்று துஷ்யந்தி ஜன்னலால் சொன்னாள். அவன் இடத்தில் ஆடிய பையன் ஒரு டிரை போட்டானாம்.

நவம்பர் 8, ஞாயிறு

காலையில் வாசல் மணி. நதீம். மெலிந்திருந்தான். தெரு முனை வரை வந்துவிட்டு எந்த வீடு என்று தெரியாமல், தான் சரி செய்த வேலியைப் பார்த்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னான். அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தான்.

உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றான்.

"உன்னில எனக்குக் கோபம் இன்னும் இருக்கு. அதைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றதைச் சொல்லுவன்."

"சொல்லு."

"செவ்வாய்க்கிழமை ஒரு மூளை டாக்டரிட்டப் போறன். அடிபட்டதையெல்லாம் சொல்ல வேணுமாம். எனக்குச் சிலது இருக்கு, சிலது இல்லை. பக்கத்தில நிண்ட ஆள் நீதான். வருவியா?"

நவம்பர் 10, செவ்வாய்

டாக்டர் வயதான பெண்மணி. மேசையில் ஒரு தாள் மட்டும். நதீமுக்கு ஒரு பக்கம் சல்வா அன்ரி, மறுபக்கம் நான். ஆகஸ்ட் மாதத்து மேளக் கொண்டாட்டத்துக்குப் பிறகு இன்றுதான் அன்ரியைப் பார்க்கிறேன். தலையசைத்தார், அவ்வளவுதான்.

நதீம்தான் தொடங்கினான். பத்தொன்பது வயதில் ஒன்று. கீழ்ப்பிரிவு அணியில் ஆடியபோது இரண்டு. எனக்குத் தெரியாதவை. நான் ஓடிப்போன சில ஆட்டங்களிலும்கூட, எழுந்து எனக்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டு, பாதி ஆட்டத்தை நினைவில்லாமல் ஆடியிருக்கிறான். "இவனுக்கும் நான் பொய்தான் சொன்னனான்" என்றான் டாக்டரிடம். நான் ஏப்ரலையும் ஜூனையும் சொன்னேன். ஆகஸ்ட்டைச் சொன்னேன்.

"வேறு?" என்று கேட்டார் டாக்டர்.

நதீம் என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஜூலையிலயும் ஒண்டு இருக்கு, என்ன? வெளியூரில. எனக்கு மைதானத்துக்கு வாற சுரங்கப்பாதை மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

இந்த நாட்குறிப்பில் எழுதாமல் விட்டது அது. டாக்டர் வோஸிடமும் சொல்லவில்லை. துஷ்யந்தியிடமும் இல்லை.

"ஓம்" என்றேன். "ஜூலை பதினெட்டு. இடைவேளை முடிஞ்சு வெளியில வரேக்க, எந்தப் பக்கம் ஓட வேணும் எண்டு என்னைக் கேட்டவன். நான் தோளைப் பிடிச்சுத் திருப்பிவிட்டனான். மிச்ச ஆட்டம் முழுக்க ஆடினவன்."

அன்ரிக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் விளங்கும். அவர் மகனிடம் அரபில் ஏதோ கேட்டார். நதீம் பதில் சொன்னான். அதற்குள் அவர் மனதில் நாள் கணக்கு ஓடியிருக்க வேண்டும். ஜூன் கடைசியில் அழுக்குச் சட்டை மூட்டைகளுக்கு நடுவே என்னிடம் கேட்டார். அதற்குப் பிறகு வந்ததுதான் ஜூலை. அவர் என்னைப் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார்.

டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. சிலருக்குத் தேறும், சிலருக்கு நின்ற இடத்தில் நிற்கும், சிலருக்குப் போகப்போகக் கூடும். எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை நினைவுப் பயிற்சி. கார் ஓட்டக் கூடாது.

நான் ஓட்டினேன். இரண்டு பேரும் பின் இருக்கையில். முன் இருக்கை காலி. பாதி வழியில் நதீம் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

வீட்டு வாசலில் அவனை எழுப்பி உள்ளே அனுப்பிவிட்டு, அன்ரி என் பக்கத்துக் கண்ணாடியருகே வந்து நின்றார். கண்ணாடியை இறக்கினேன். அழுதிருக்கவில்லை.

"அண்டைக்கு நான் உன்னட்டத்தான் வந்து கேட்டனான்."

"ஓம், அன்ரி."

"உன்னை நான் மன்னிக்கேல்லை, ரூபன். மன்னிப்பனோ தெரியாது. என்னட்டக் கேட்காத."

"கேட்கேல்லை, அன்ரி."

அவர் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். திறந்தபடி இருந்தது. உள்ளே நதீம் ஏதோ தேடுகிற சத்தம்.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு அவனுக்கு முதல் பயிற்சி. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒன்பது மணிக்கு வந்து நில்."

வருகிறேன் என்றேன்.

வியாழக்கிழமை கார் எனக்கு வேண்டும் என்று துஷ்யந்தியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் பேருந்தில் போவாளாம். அடுத்த வியாழனும் அப்படித்தான் என்றேன். சரி என்றாள்.